எழுதாதது போகாது

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்திலிருந்து 2008 செப்டம்பரில் எனக்கு அழைப்பு வந்தது. ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு அவர்கள் அனுப்பும் மெயில் பத்து நாளாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது. பேக்கிங் லிஸ்டை ஃபேக்ஸில் அனுப்பிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு கொடுத்தவர்கள் தங்கள் பக்கம் கோளாறு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். திரும்பி வந்த மெயிலின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். காரணம் அங்கேயே இருந்தது. அந்த அலுவலகத்தின் ஐபி முகவரி, குப்பை மெயில் அனுப்புவோர் பட்டியலில் ஏறியிருந்தது.

பதினான்கு கம்ப்யூட்டர், ஒரு மெயில் சர்வர். அங்கே யாரும் குப்பை மெயில் அனுப்பும் ஆட்கள் இல்லை. ஆனால் ஏதோ ஒரு மிஷின் அனுப்புகிறது. எது என்று கேட்டால் சொல்ல அங்கே ஆள் இல்லை. இணைப்போடு வந்த ரவுட்டரில் நான்கு விளக்குகள் எரிந்தன. அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்க முடியாது.

ஈரோட்டில் என் வீட்டில் ஒரு பழைய பென்டியம் 3 கிடந்தது. 256 எம்பி நினைவகம். சந்தையில் அப்போது மலிவாகக் கிடைத்த ரியல்டெக் நெட்வொர்க் கார்டு இரண்டை அதில் செருகி, ஓப்பன்பிஎஸ்டி 4.3 ஏற்றி, ஒரு சாக்குப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதுவரை அந்த இயங்குதளத்தை வீட்டில் கற்றுக்கொள்ளத்தான் பயன்படுத்தியிருந்தேன். ஒரு தொழில் அதை நம்பி நிற்கப்போவது அதுதான் முதல் முறை.

அந்தப் பெட்டியை ரவுட்டருக்கும் அலுவலகத்துக்கும் நடுவே வைத்தேன். போவதையும் வருவதையும் வடிகட்டும் ஓப்பன்பிஎஸ்டியின் ஃபயர்வாலுக்குப் பெயர் பிஎஃப். விதிகள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில், சாதாரண எழுத்தில் இருக்கும். நான் எழுதிய முதல் வரி மூன்றே சொல்: பிளாக் லாக் ஆல். எல்லாவற்றையும் தடு, தடுத்ததைக் குறித்து வை. அதற்குக் கீழே, போகலாம் என்பவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பிஎஃப் மேலிருந்து கீழாகக் கடைசி வரை படித்து, கடைசியாகப் பொருந்தும் விதியைத்தான் நடைமுறைப்படுத்தும். பல உயில் எழுதி வைத்தாலும் கடைசியாக எழுதியதே செல்லும் என்பது போல. ‘குவிக்’ என்ற சொல்லைச் சேர்த்தால் மட்டும் அந்த வரியிலேயே தீர்ப்பு முடிந்துவிடும்.

எவையெல்லாம் போக வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டேன். “இன்டர்நெட்டும் மெயிலும் போனாப் போதுமுங்க” என்றார்கள். நான் அதை நம்பி எழுதினேன். அரை மணி நேரத்தில் மூன்று பேர் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். டிசைன் கோப்புகளைப் பையரின் எஃப்டிபி சர்வரிலிருந்து இறக்கும் பையனுக்கு வேலை நின்றுவிட்டது. கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு வருமான வரி மென்பொருள் புதுப்பித்துக்கொள்ள முடியவில்லை. மெர்ச்சண்டைசர் ஒருவர் பையரோடு பேசும் மென்பொருள் ஊமையாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டு, அது எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்குப் போகிறது என்று லாகில் பார்த்து, ஒரு வரி எழுதி, பக்கத்தில் அது யாருக்காக என்று குறிப்பும் எழுதினேன். அன்று சாயங்காலம்தான் அந்த அலுவலகம் உண்மையில் என்னென்ன வேலை செய்கிறது என்று எனக்கும் தெரிந்தது, முதலாளிக்கும் தெரிந்தது.

எல்லாருக்கும் வேலை ஓடத் தொடங்கிய பிறகும் லாக் நிற்கவில்லை. தடுக்கப்பட்ட பாக்கெட்டுகள் பிஎஃப்லாக் என்ற ஒரு போலி நெட்வொர்க் கார்டு வழியாக வெளிப்படும். டிசிபிடம்ப் கட்டளையை அதன் மேல் ஓட்டினால், எந்த விதி, எந்தப் பக்கம், எங்கிருந்து எங்கே என்று வரி வரியாக ஓடும். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தது. கடைசி எண் 37. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் சர்வர்களின் 25-ஆம் போர்ட்டை, அதாவது மெயில் கதவை, நொடிக்குப் பலமுறை தட்டிக்கொண்டிருந்தது. மெயில் சர்வரைத் தவிர வேறு எதுவும் அந்தக் கதவுக்குப் போகக் கூடாது என்று நான் தனியாக யோசித்து எழுதவில்லை. போகலாம் என்று எழுதாததால் நின்றுவிட்டது.

37 எது என்று தேடி நடந்தோம். பேக்கிங் செக்ஷனில், அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர் அச்சடிக்கும் கம்ப்யூட்டர். அதில் மெயில் மென்பொருளே கிடையாது. பெண்கள் ஸ்டிக்கர் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து போடுவார்கள். வைரஸும் அப்படியே வந்திருக்க வேண்டும். அதைத் துடைத்து மறுபடி ஏற்றி, பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு விண்ணப்பித்து, ஒரு வாரம் கழித்து மெயில் போகத் தொடங்கியது.

முதலாளி அந்த விதிகளைத் தனக்குப் படித்துக் காட்டச் சொன்னார். அறுபது வயதுக்காரர், தறிப் பட்டறையிலிருந்து மேலே வந்தவர். முப்பது வரிதான் இருக்கும். ஒரு தாளில் அச்செடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தினார். “ஏனுங்க, நாம வெளிய கேட்டா, அவங்க பதிலு உள்ள வரோணுமில்லீங்களா? வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாதுன்னு எழுதியிருக்கறீங்களே?”

இந்தத் தொழிலில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. பதிலும் அவருடைய கேட்டிலேயே இருந்தது. துணி சாயப்பட்டறைக்கு ஜாப் ஒர்க் போகும்போது ரிட்டர்னபிள் கேட் பாஸ் போட்டு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது வாட்ச்மேன் பாஸ் எண்ணை நோட்டில் பார்த்து உள்ளே விடுவார். யாரையும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார். பிஎஃப் செய்வதும் அதுதான். உள்ளிருந்து ஓர் இணைப்பு விதிப்படி வெளியே போனதும், இரண்டு முனைகளின் முகவரி, போர்ட் எண், டிசிபி வரிசை எண் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். ஸ்டேட் டேபிள் என்று அதற்குப் பெயர். பதில் வரும்போது முதலில் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். பொருந்தினால் விதிகளைத் தொடாமலே உள்ளே விடும். பாஸ் இல்லாமல் வருவது எதுவானாலும் முதல் வரியிலிருந்து விசாரணை.

“அப்ப எழுதாதது போகாதுங்க” என்றார். அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். விதி மாறும்போதெல்லாம் புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

பிஎஃப் பிறந்த கதையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ஓப்பன்பிஎஸ்டியை 1995 அக்டோபரில் கனடாவின் கால்கரியில் தியோ டி ராட் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரித்துத் தொடங்கினார். முதலில் அதில் இருந்தது ஐபிஃபில்டர் என்ற வேறொருவரின் ஃபயர்வால். திருத்தி வெளியிட அனுமதி உண்டா என்பதில் உரிமத் தகராறு வந்ததும், 2001 மே மாதத்தில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கே பெயர்பெற்ற ஓர் இயங்குதளம், ஃபயர்வால் இல்லாமல் நின்றது. அந்த இடைவெளியில் சுவிட்சர்லாந்தின் டேனியல் ஹார்ட்மெயர் புதிதாக எழுதத் தொடங்கியதுதான் பிஎஃப். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலேயே அது இருந்தது. ஆறு மாதம்! தேவையில்லாததைத் துணிந்து எடுத்தால்தான் நல்லது ஒன்று வருவதற்கு இடம் கிடைக்கும் என்ற அவர்களின் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோதும் அதையே செய்தார்கள். அந்த நிரலை எடுத்து, பயனற்ற பகுதிகளை ஆயிரக்கணக்கான வரிகளாக வெட்டி எறிந்து, லிப்ரெஎஸ்எஸ்எல் என்று கொண்டுவந்தார்கள். அதே 2014-இன் தொடக்கத்தில்தான் சர்வர்களின் மின்கட்டணத்துக்குப் பணமில்லை என்று கேட்டு நின்றார்கள். உலகமெங்கும் சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதிக் கொடுத்தவர்கள் கரண்ட் பில்லுக்குக் கையேந்த வேண்டியிருந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அன்று முதல் ஆண்டுக்கு ஒரு முறை என்னால் முடிந்ததை அனுப்புகிறேன். கரூர் முதலாளியிடமும் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

பழைய பென்டியம் கரூரில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஜவுளி இருக்கும் இடத்தில் பஞ்சுத்தூசி இருக்கும். மின்விசிறியில் அது மெத்தை போலப் படிந்து, பெட்டி சூடேறி நின்றுவிடும். 2009-இல் பிசி எஞ்சின்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் ஏலிக்ஸ் பலகையை வரவழைத்தோம். 500 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி, மூன்று நெட்வொர்க் போர்ட், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக கேமராவில் போடும் சிஎஃப் கார்டு. மின்விசிறியே கிடையாது. திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. சீரியல் கேபிளைச் செருகித்தான் அதனோடு பேச வேண்டும். பலகை 38400 வேகத்தில் பேசும், ஓப்பன்பிஎஸ்டி 9600-இல் பேசும். இது தெரியாமல் முதல் நாள் திரையில் வந்த கிறுக்கல் எழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றுதான் மேன் பக்கங்கள் என்ற கையேடுகளின் அருமை புரிந்தது. ஃபயர்வால் நின்றால் அலுவலகத்தில் இணையம் இல்லை. கூகுளில் தேட வழியில்லை. ஓப்பன்பிஎஸ்டியில் ஒவ்வொரு கட்டளைக்கும், ஒவ்வொரு கார்டுக்கும், விதிக் கோப்பின் இலக்கணத்துக்கும் முழுக் கையேடு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கையேட்டில் பிழை இருந்தால் அதை நிரலின் பிழையாகவே கருதித் திருத்துவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, பேக்கிங் அறையில் ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதைப் படித்துப் படித்தே தீர்த்த சிக்கல்கள் எனக்கு நிறைய உண்டு.

வங்கிப் பக்கம் அப்படிப்பட்ட ஒன்று. இணைப்பு பிபிபிஓஇ முறைக்கு மாறியதும், ஒரு வங்கியின் முகப்பு வரும், உள்நுழைந்தால் வெள்ளைத் திரை. மற்ற தளங்கள் எல்லாம் ஓடும். அந்தக் கணக்கு அக்கா பொறுமையான மனுஷி. “தம்பி, சின்னப் பக்கமா இருந்தா வருது, பெருசா இருந்தா நிக்குது” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் இருந்தது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ தன் உறைக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492-தான் நுழையும். பெரிய பாக்கெட் வழியில் நின்றால், ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். அந்த வங்கியின் வாசலில் யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிட்டார்கள். செய்தி சேராது, அவர்களும் பெரிய பாக்கெட்டையே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். வங்கியைத் திருத்த நம்மால் ஆகாது. நம் பக்கம் இணைப்பு தொடங்கும்போதே ‘எனக்கு 1440-க்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லவைக்க பிஎஃப்பில் ஒரே வரி போதும். பிபிபிஓஇ கையேட்டிலேயே அந்த வரி இருந்தது. அக்காவின் வெள்ளைத் திரை போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அடைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு அன்றுமுதல் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

நானே செய்த தவறையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகப் பெட்டிக்குள் நுழைய என் வீட்டு முகவரிக்கு மட்டும் அனுமதி என்று ஒரு ராத்திரி விதியை மாற்றினேன். முதலில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்தேன். கட்டளை ஒன்றும் சொல்லவில்லை, சரி என்று அர்த்தம். ஏற்றினேன். இணைப்பு அறுபடவில்லை, தொடர்ந்து பேச முடிந்தது. நிம்மதியாக வெளியே வந்து படுத்தேன். காலையில் நுழைய முடியவில்லை. முகவரியில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்திருந்தேன். ராத்திரி இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது ஏன்? பழைய விதிப்படி வாங்கிய கேட் பாஸ் கையில் இருந்ததால். விதி மாறினாலும் ஏற்கெனவே கொடுத்த பாஸைப் பிஎஃப் பறிக்காது. முதலாளிக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம்! கொடுமுடி வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து கரூர் போய், சீரியல் கேபிளைச் செருகி, ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு பழக்கம். விதி ஏற்றியதும் பழைய இணைப்பை விடாமல், இன்னொரு புது இணைப்பில் நுழைந்து பார்ப்பேன். ஏற்றுவதற்கு முன்பே, ஐந்து நிமிடத்தில் பழைய கோப்பு தானாக ஏறும்படி ஒரு வேலையைக் குறித்து வைப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்வேன்.

2010-இல் 4.7 வந்தபோது நேட் விதிகளின் இலக்கணமே மாறிவிட்டது. ஒரே ஒரு வெளி முகவரியை உள்ளே இருக்கும் எல்லாரும் பகிர்ந்துகொள்ள உதவும் விதிகள் அவை. பழைய கோப்போடு பெட்டியை எழுப்பினேன். விதிகள் ஏறவில்லை. பயந்தேன், கதவு திறந்து கிடக்குமோ என்று. கிடக்கவில்லை. பெட்டி எழும்போது எல்லாவற்றையும் தடுத்து, எஸ்எஸ்எச் போன்ற ஓரிரண்டை மட்டும் விடும் ஒரு குட்டி விதித்தொகுப்பை முதலில் போட்டுக்கொள்கிறது. நம் கோப்பு சரியாக இருந்தால்தான் அது விலகும். பூட்டில் பழுது வந்தால் கதவு மூடியபடி பழுதாக வேண்டும் என்று அதை எழுதியவர்கள் முன்பே யோசித்திருந்தார்கள்.

2012-ஐ தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. யுபிஎஸ் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு. ஓப்பன்பிஎஸ்டியின் கோப்பு முறை, மின்சாரம் சட்டென்று போவதை விரும்பாது. எழும்போது தன்னைச் சரிபார்க்கும். தன்னால் தீராத சிக்கல் இருந்தால் நின்று மனிதனை அழைக்கும். இரண்டு முறை அப்படி நின்றது. பிறகு சிஎஃப் கார்டை முழுவதும் படிக்க மட்டும் என்று மாற்றினேன். எழுத வேண்டிய பகுதியை நினைவகத்திலேயே வைத்து, லாகை உள்ளே இருந்த மெயில் சர்வருக்கு அனுப்பினேன். அதன் பிறகு கரண்ட் எத்தனை முறை போனாலும் பெட்டி தானாக எழுந்தது. அந்த மாதங்களில் நான் கரூர் போகவே தேவைப்படவில்லை.

2016-இல் நான்கு கோர், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஏபியு2 பலகைக்கு மாறினோம். அந்த ஆண்டுதான் கேமராக்களும் வந்தன. பொருத்த வந்தவர், கேமராப் படங்களைப் பதியும் டிவிஆருக்கு வெளியிலிருந்து வழி திறந்துவிடச் சொன்னார், முதலாளி ஃபோனில் பார்க்கலாம் என்று. நான் மறுத்தேன். அவருக்குக் கோபம், எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். டிவிஆரை மூன்றாவது போர்ட்டில் தனியாகக் கட்டி, அங்கிருந்து எதுவும் எங்கும் போகக் கூடாது என்று வைத்தேன். லாகில் பார்த்தால், அது சில நிமிடத்துக்கு ஒரு முறை ஏதோ ஓர் அயல்நாட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த அக்டோபரில் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டி தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தின் சர்வர்களை அடித்தது. அமெரிக்காவில் பெரிய தளங்கள் பல மணி நேரம் முடங்கின. முதலாளி கேமராவைப் பார்க்க, ஃபோனில் ஐபிசெக் என்ற மறையாக்கப்பட்ட வழியைப் போட்டுக் கொடுத்தேன். 2020-இல் வந்த 6.8 பதிப்பில், அதே போன்ற வயர்கார்டு என்ற வழி கெர்னலுக்குள்ளேயே வந்ததும் அந்த வேலை இன்னும் எளிதாகிவிட்டது.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் பரவியது. கரூரில் அப்போதும் விண்டோஸ் 7 மிஷின்கள்தான். அது நுழையும் 445-ஆம் போர்ட் எங்கள் கோப்பில் எந்தப் பக்கமும் எழுதப்படவே இல்லை. ஆனால் இந்தப் பெட்டி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. 2008-இல் பேக்கிங் செக்ஷனில் பென் டிரைவில் வந்த வைரஸ் ஃபயர்வாலைத் தாண்டி வரவில்லை, மேஜையில் நேராக வந்தது. அதனால் மிஷின் மிஷினாக விண்டோஸ் திருத்தத்தைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது கணக்கு அக்காவின் மகள். கல்லூரி முடித்துவிட்டு அங்கேயே சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். நான் சீரியல் கேபிளோடு போய்ச் செய்த வேலையை அவள் சிஸ்அப்கிரேட் என்று ஒரு கட்டளையில் முடிக்கிறாள். விதிகளுக்கு அவள் எழுதும் குறிப்பு தமிழ்தான், ஆங்கில எழுத்தில். எந்தத் தேதி, யார் கேட்டார்கள், எதற்கு என்று எல்லாம் இருக்கும்.

போன மாதம் அழைத்தாள். “அண்ணா, 21-ஆவது வரி யாருக்குங்க?” பார்த்தேன். எஃப்டிபிக்காக நான் எழுதியது. டிசைன் இறக்கிய பையன் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது; பையரும் எஃப்டிபியை எப்போதோ மூடியிருப்பார். ஒவ்வொரு விதிக்கும் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்று பிஎஃப் எண்ணி வைத்திருக்கும். மூன்று வாரமாக அதைப் பார்த்திருக்கிறாள். பூஜ்யத்திலேயே நிற்கிறதாம்.

“எடுத்துடு சாமி. யாராவது கூப்பிட்டாச் சொல்லு” என்றேன்.

யாரும் கூப்பிடவில்லை. பீரோவில் வைக்கப் புதுத் தாள் அச்செடுத்தாளாம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்து, ஒரு வரி குறைகிறதே என்று கேட்டாராம்.